முன்றிலும் களமும்: கொல்லிமலையில் குழந்தைகளோடு ஒரு பயணம்

கொல்லிமலையில் ‘நாடு’ என்னும் சொல் அரசையோ பெருநிலப்பரப்பையோ குறிப்பதில்லை. மலைமேல் ஒரு பள்ளத்தாக்கையும் அதன் சரிவுகளையும் ஒட்டிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள், திருவிழாவாலும் உறவாலும் ஊர் வழக்குகளைப் பேசித் தீர்க்கும் மரபாலும் ஒன்றாகப் பிணைந்திருக்கும் தொகுதியே அங்கு நாடு எனப்படுகிறது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் அடங்கிய 14 ஊராட்சிகளும் இன்றுவரை அந்தப் பெயரையே தாங்கி நிற்கின்றன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என நீளும் அந்த வரிசையில், சிலரால் திருப்புளி நாடு என்றும் எழுதப்படும் திருப்புலி நாடும் ஒன்று. இங்கு வாழும் மக்களுள் பெரும்பான்மையினர் மலையாளிகள். இப்பெயர் கேரளத்தாரைச் சுட்டுவதன்று. தமிழ் பேசும் இம்மலைமக்கள் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டவர்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தோர் மூவர் என்றும் அவர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் சொல்லும் வழிவழிக் கதையை உடையவர்கள். இம்மலைக்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் அங்கே எவற்றை விளையாட்டிடம் என்று காண்கின்றனர், அங்கேயே பிறந்து வளரும் குழந்தைகள் எங்கே விளையாடுகின்றனர், இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எத்தகையது என்பவற்றை மலைப்பாதையின் போக்கிலேயே ஆராய்கிறது இக்கட்டுரை.

அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வரை செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்பதால், எண்ணக் கற்றுக்கொண்ட வயதுக் குழந்தைக்கு அந்த ஏற்றமே முதல் விளையாட்டாகிவிடுகிறது. ஆயினும் அதே ஏற்றம்தான் பல குழந்தைகளுக்குக் குமட்டலையும் வாந்தியையும் தருகிறது. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு உடல் வளைந்து வளைந்து திரும்புவதை மூளைக்கு உணர்த்திக்கொண்டிருக்க, வண்டியின் உட்புறத்தையோ கைப்பேசித் திரையையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் உடல் அசையவில்லை என்று உணர்த்துவதால் இரு செய்திகளுக்கும் இடையே முரண் எழுகிறது. அந்த முரணே பயண நோயின் காரணம் எனப் பொதுவாக விளக்கப்படுகிறது. ஏறத்தாழ 2 வயதிலிருந்து 12 வயது வரையுள்ள குழந்தைகளை இது மிகுதியாகத் தாக்குகிறது. எனவே மலையேறும் பெற்றோர் குழந்தையின் கையில் திரையைக் கொடுத்து அமைதிப்படுத்துவதைவிட, சாலையையும் எதிரே உயரும் சரிவையும் பார்க்கச் செய்து வளைவுகளை எண்ணவைப்பதே உடலுக்கு இசைந்த வழி. வயிறு முட்ட உண்ணச் செய்து கிளம்பாமல் இருப்பதும், இருபது வளைவுகளுக்கு ஒருமுறையேனும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திக் குழந்தையை நிலத்தில் கால் ஊன்ற விடுவதும் பயன் தரும்.

மேலே ஏறி முடித்ததும் பெரும்பாலான குடும்பங்கள் செல்லும் இடம் செம்மேடு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் சிலை அங்கு நிற்கிறது. ஆடி 17, 18ஆம் நாள்களை ஒட்டி ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவும் மலர்க் கண்காட்சியும் வில்வித்தைப் போட்டியும் அங்குதான் நடைபெறுகின்றன. ஓரி விட்ட ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துப் புற்றில் கிடந்த உடும்பில் சென்று தைத்தது என வன்பரணர் பாடிய புறநானூற்றுச் செய்தியை 5 வயதுக் குழந்தைக்குச் சொன்னால், சிலையைச் சுற்றியுள்ள வெட்டவெளி அடுத்த நொடியே வேட்டைக்காடாகிவிடும் என்பதில் ஐயமில்லை. அதற்கு அண்மையில் வாசலூர்பட்டிப் படகுத்துறையும் அதையொட்டிய பூங்காவும் உள்ளன. சமவெளியிலிருந்து வரும் பெற்றோருக்கு இதுவே பழக்கமான விளையாட்டிடம்: வேலி, வாயில், நுழைவுச் சீட்டு, அமர இருக்கை, குழந்தை எங்கும் ஓடிவிட முடியாத எல்லை ஆகியவை அங்கே கிடைக்கின்றன. களைத்து வந்த தாயோ தந்தையோ அரைமணி நேரம் உட்கார்ந்து மூச்சுவிட இத்தகைய இடம் தேவை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சென்னையிலும் சேலத்திலும் திருச்சியிலும் காணும் அதே ஊஞ்சலையும் அதே சறுக்குமரத்தையும் தேடி 70 வளைவுகள் ஏறி வந்த பின், மலையின் விளையாட்டிடத்தைக் கண்டுவிட்டோம் என்று கருதித் திரும்புவது பெரும் இழப்பு.

வேலியிட்ட விளையாட்டுப் பூங்கா என்னும் அமைப்பே தொழில் நகரங்களின் தேவையிலிருந்து பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகளைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருங்கி, தெருக்களை வண்டிகள் நிறைத்தபோது, குழந்தை ஓட இடமில்லாமற்போயிற்று. பறிபோன முற்றத்துக்கு ஈடாகத்தான் மணற்குவியலும் ஊஞ்சலும் கொண்ட தனியிடம் ஒதுக்கப்பட்டது. அவ்வாறு ஒதுக்கிய இடங்களும் குழந்தையின் மனத்துக்கு உகந்தனவாக எப்போதும் அமையவில்லை. டென்மார்க்கின் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் சோரன்சன், தாம் கட்டிய ஒழுங்கான பூங்காக்களை விடுத்துக் கட்டுமானக் கழிவுகளிலும் பழைய மரத்துண்டுகளிலும் குழந்தைகள் ஆர்வத்தோடு விளையாடுவதைக் கவனித்தார். அவருடைய எண்ணத்தின்படி 1943இல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த காலத்திலேயே, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பலகை, செங்கல், கயிறு, மண் ஆகியவற்றைக் கொண்டு குழந்தைகள் தாமே கட்டியும் கலைத்தும் ஆடும் விளையாட்டிடம் திறக்கப்பட்டது. போருக்குப் பின் 1947இலிருந்து ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் நூற்றுக்கணக்கான சிறு விளையாட்டிடங்களை, இடிந்த வீடுகளின் வெற்று மனைகளிலும் தெருமுனைகளிலும், பெரும்பாலும் வேலியே இல்லாமல், அமைத்தார். குழாய்களால் ஆன எளிய வளைவும் தாண்டிச் செல்லும் கற்களும் மணற்குழியுமே அவருடைய கருவிகள். இதைத்தான் இதில் ஆடவேண்டும் என்று எந்தக் கருவியும் குழந்தைக்குக் கட்டளையிடக் கூடாது என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய நகரங்கள் தொலைத்துவிட்டு அரும்பாடுபட்டு மீட்க முனைந்த அந்த இடம், கொல்லிமலைச் சிற்றூர்களில் இன்னும் முழுவதும் தொலையாமல் இருக்கிறது.

திருப்புலி நாட்டின் ஊர்களை நோக்கிச் செல்லும் கிளைச்சாலையில் இறங்கும்போது இது கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. மரவள்ளி பயிரிட்ட சரிவுகளும், மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டங்களும், பலாவும் வாழையும் அன்னாசியும், பள்ளத்தில் படிப்படியாக இறங்கும் நெல் வயல்களும் மாறி மாறி வரும் அந்நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு வீட்டின் முன்னும் மண் திருத்திய சிறு வெளி ஒன்று இருக்கிறது. இதற்குத் தமிழில் ‘முன்றில்’ என்று பெயர். ‘இல்முன்’ என்னும் தொடர் முன்பின்னாக மாறி ‘முன்றில்’ ஆனதை இலக்கண நூலார் இலக்கணப்போலிக்கு, அதாவது இலக்கண வழியில் அமையாவிட்டாலும் சான்றோர் வழக்கால் ஏற்கப்பட்ட சொல்லுக்கு, எடுத்துக்காட்டாகத் தருவர். இல்லத்துக்கு முன்னால் இருந்தும் இல்லத்தின் பகுதியாகவே எண்ணப்படும் இந்த இடத்தில் சாமையோ மிளகோ காய்கிறது, கோழி மேய்கிறது, முதியவர் அமர்ந்திருக்கிறார், தவழும் குழந்தை மண்ணைக் கையால் அளைகிறது. ஊரின் ஓரத்தில் கதிரடிக்கும் களம். ஆண்டில் சில வாரங்களே தானியத்துக்குத் தேவைப்படும் அந்தச் சமதளம் மற்ற நாள்களில் ஓடியாடும் வயதினருக்கு உரியதாகிவிடுகிறது. மலைச்சரிவில் சமதளம் என்பதே அரிய பொருள் என்பதை நினைத்தால், ஊரார் தம் சிறந்த நிலத்தைத்தான் குழந்தைகளோடு பகிர்ந்துகொள்கின்றனர் என்பது விளங்கும். தரையில் கோடு கிழித்து ஆடும் பாண்டிக்கும், கிட்டிப்புள்ளுக்கும், பம்பரத்துக்கும், ஐந்து கற்களை மேலே எறிந்து பிடிக்கும் ஐந்தாங்கல்லுக்கும் களத்தைவிடச் சிறந்த இடம் வேறில்லை. கருவியென்று அங்கு எதுவும் நாட்டப்பட்டிருக்காது. தாழ்ந்த கிளையில் கட்டிய கயிறு ஊஞ்சலாகும், சரிவே சறுக்குமரமாகும்.

விளையாடும் குழந்தையைப் பெரியவர் பார்த்திருத்தல் என்பதைத் தமிழ் இலக்கியம் தனியொரு வகைமையாகவே வளர்த்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் அச்சிற்றிலக்கியம், தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்து, பெற்றவளின் பார்வையில் அக்குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவது. தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரையும், கைகொட்டும் சப்பாணியும், தளர்நடை நடந்து வரும் வாரானையும், நிலவை விளையாட அழைக்கும் அம்புலியும் இருபாலுக்கும் பொதுவாக அமைய, ஆண் குழந்தைக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும், பெண் குழந்தைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் இறுதிப் பருவங்களாகின்றன. சிற்றில் என்பது சிறுமியர் மணலில் கட்டும் விளையாட்டு வீடு. ஊசல் என்பது ஊஞ்சல். சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்திலோ விளையாட்டும் வேலையும் பிரியாமல் இருந்தன: தினைப்புனத்தில் கிளியோட்டச் சென்ற பெண்கள், பரண்மேல் ஏறித் தட்டை, தழல், குளிர் முதலிய கருவிகளால் ஒலியெழுப்பிவிட்டு, இடைவேளையில் அருவியில் நீராடி மலர் கொய்ததைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு விரித்துரைக்கிறது. கொல்லிமலையே அவ்விலக்கியத்தில் ஒரு பாவையால் புகழ்பெற்றிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. குறுந்தொகையில் பரணரும் கபிலரும் குறிப்பிடும் கொல்லிப்பாவை, மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் அமைத்த பேரழகுடைய பெண்ணுருவம்; பாவை என்ற அதே சொல்தான் சிறுமியர் கையிலுள்ள பொம்மைக்கும் பெயர். அம்மலையின் காவல் தெய்வமாக எட்டுக்கை அம்மனை வணங்குவோர் பலர் கொல்லிப்பாவையையும் அத்தெய்வத்தையும் ஒன்றாகவே கருதுகின்றனர்.

முன்றிலும் களமும் விளையாட்டிடமாக நிலைபெற்றதற்கு நிலத்தின் அமைப்பு மட்டும் காரணமன்று. பெரியவரின் உழைப்பு அதே இடத்தில் நடந்ததும் காரணம். சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு ஆகிய சிறுதானியங்கள் கொல்லிமலையின் பழைய உணவுப் பயிர்கள். உமி நீக்க உரலிலிட்டுக் குத்தும் வேலை பெண்களின் தலையில் விழுந்தது. மணிக்கணக்கில் நீண்ட அவ்வேலை உடலை முறித்தது என்பதை மறைத்துப் பழமையைப் போற்றுவது நேர்மையாகாது. ஆனால் அவ்வேலை முன்றிலில் நடந்தவரை, உலக்கை பிடித்த கை ஓயாவிட்டாலும் கண் குழந்தைமீது இருந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் சிறுதானியம் சுருங்கி, சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளி பெருகியது. அழிந்துவரும் சிறுதானிய வகைகளைக் காக்கவும் உமி நீக்கும் பொறிகளை ஊர்களுக்குக் கொண்டுவரவும் 1988இல் நிறுவப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறது. உரல் வேலை குறைந்தது நன்மையே. எனினும் கூலிவேலைக்காகப் பெற்றோர் தொலைவான தோட்டங்களுக்கும் மலைக்கு வெளியேயும் செல்லும்போது, களம் அங்கேயே இருக்க, அதைப் பார்த்திருக்கும் கண் மட்டும் இல்லாமற்போகிறது. பாட்டியோ மூத்த சிறுமியோ அந்தக் கண்ணாக இருக்க வேண்டியதாகிறது. மூத்த சிறுமியின் விளையாட்டு அதற்கு விலையாகிறது.

இம்மலையில் ஒரு தாய் தன் குழந்தைகளை விளையாட விட்ட முறைக்கு எழுத்தில் கிடைக்கும் சான்றுகளுள் மிக முழுமையானது, வியப்பாக, ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தைப் பற்றியது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் ஆகிய இருவரும் 1913இல் மணம்புரிந்து கொல்லிமலையில் சமயப் பணிக்காகக் குடியேறினர். வாழவந்தி நாட்டில் மருத்துவமும் பள்ளியும் நடத்தினர். அவர்களுடைய மகன் பால் 1914இல் பிறந்தார். சில ஆண்டுகளில் மகள் கானி பிறந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பழகாத அந்தச் சிறுவன் மரத்தின்மேல் அமர்ந்து பாடங்களைச் செய்ய விரும்பியபோது தாய் அதற்கு இசைந்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. மலைச் சிறுவர்களோடு வெறுங்காலுடன் ஓடி, மரமேறி, ஓடையில் நனைந்து வளர்ந்த பால், 9 வயதில், 1923இல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தை 1929இல் காய்ச்சலால் இறந்தபோது மகன் அருகில் இல்லை. தாயோ முதுமையிலும் மலையை விடாமல் ஊர் ஊராகச் சென்று பணியாற்றி 1974இல் மறைந்தார்.

பால் பிராண்ட் பிற்காலத்தில் எழுதிய ‘கைப்பிடிச் சேறு’ என்று பொருள்படும் தலைப்புடைய கட்டுரை, கொல்லிமலைக் குழந்தைகளின் விளையாட்டிடம் பற்றிய அரிய ஆவணம். படிகளாக இறங்கும் நெல் வயலில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாடிச் சேற்றைக் கலக்கியபோது, வயல்களின் வரப்பையும் நீர்ப்போக்கையும் காக்கும் பொறுப்பிலிருந்த முதியவர், அனைவராலும் தாத்தா என்றே அழைக்கப்பட்டவர், அங்கு வந்து கண்டித்தார் என்றும், ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, மேல் வயலிலிருந்து கலங்கிய நீரோடு இறங்கிவிடும் மண் ஒருநாளும் திரும்பி மேலே ஏறாது, அந்த ஒரு கை மண்ணில் பல தலைமுறைக்கான சோறு இருக்கிறது என்ற கருத்தை விளக்கினார் என்றும் அவர் நினைவுகூர்கிறார். வரப்பைத் தாண்டி வழியும் நீர் தெளிவாக இருந்தால்தான் வயல் நலமாக இருக்கிறது என்பது அம்முதியவர் தந்த அளவுகோல். விளையாட்டிடத்துக்குப் பொறுப்பான பெரியவர் செய்யவேண்டியது என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்ச்சி அரிது. அவர் எப்போதும் அருகில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அவருடைய பார்வைக்குள்தான் அந்த வயல் இருந்தது, தவறு நேர்ந்த வேளையில் வந்துசேர்ந்தார், தடுத்ததோடு நில்லாமல் காரணத்தையும் குழந்தைகளின் கண்முன் வைத்தார். அக்குழந்தைகளுள் ஒருவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை மறக்கவில்லை.

அதே பால் பிராண்ட் மருத்துவராகி, 1946இல் இந்தியா திரும்பி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் முன்னோடியானார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று பலரும் நம்பிய காலத்தில், நரம்பு உணர்விழந்ததால் வலியின்றிப் போய், சூடும் வெட்டும் உராய்வும் தெரியாமல் நோயாளிகள் தம்மையறியாது காயப்படுத்திக்கொள்வதே பெரும் அழிவுக்குக் காரணம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வலி என்பது உடலைக் காக்கும் கொடை என்ற அவருடைய முடிவு உலகெங்கும் அறியப்பட்டது. கல்லிலும் முள்ளிலும் வெறுங்காலோடு ஓடிய கொல்லிமலைப் பிள்ளைப்பருவத்தையும் இந்த முடிவையும் சேர்த்து எண்ணாமல் இருக்க முடிவதில்லை. முழங்காலில் படும் சிறு சிராய்ப்பு, எவ்வளவு வேகம் தன் உடலுக்குப் பொருந்தும் என்பதைக் குழந்தைக்குச் சொல்லித்தருகிறது. அதை வேறெவரும் சொல்லித்தர முடியாது. நார்வே நாட்டு ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் தாமே நாடிச் செல்லும் ஆபத்துக் கலந்த விளையாட்டுகளை உயரம், வேகம், கூரிய கருவி, நீர் நெருப்பு போன்ற இயற்கைப் பொருள், மல்லுக்கட்டு, பெரியவர் பார்வையிலிருந்து விலகி மறைதல் என ஆறாக வகுத்தார். ஆறும் மலைச் சிற்றூரில் நாள்தோறும் நடப்பவை.

தமிழ்ப் பெற்றோர் வாயில் இயல்பாக வரும் எச்சரிக்கைச் சொல் ஒன்று இங்கு ஆராயத்தக்கது. ஏறும் குழந்தையிடம் அவர்கள் சொல்வது ‘பார்த்து’ என்பதே. ‘பார்த்து ஏறு’, ‘பார்த்து இறங்கு’ என்பதன் சுருக்கமான அச்சொல், ஏறாதே என்று தடுப்பதில்லை; பார்க்கும் பொறுப்பைக் குழந்தையிடமே ஒப்படைக்கிறது. நகரப் பூங்காக்களிலோ இச்சொல் ‘வேண்டாம், விழுந்துடுவ’ என்பதாக மாறிவருகிறது. சறுக்குமரத்தின் இரண்டாம் படியில் நிற்கும் 3 வயதுக் குழந்தையின் இடுப்பை இரு கைகளாலும் பிடித்துத் தூக்கி உச்சியில் வைக்கும் பெற்றோர், ஏறும் வழியை அறியாத உயரத்தில் அக்குழந்தையை நிறுத்துகின்றனர். தானாக ஏற முடியாத உயரம் பெரும்பாலும் தானாக இறங்கவும் முடியாத உயரமே என்னும் எளிய உண்மையை மலைப் பாட்டிகள் அறிவர், ஆகையால் அவர்கள் தூக்கி ஏற்றுவதில்லை.

ஆயினும் மலை முழுவதும் களத்தைப் போன்றதன்று. குழந்தை தன் கண்ணால் அளக்கக்கூடிய ஆபத்து வேறு, அளக்க முடியாத ஆபத்து வேறு. சீக்குப்பாறை, சேலூர் நாடு ஆகிய காட்சிமுனைகளில் விளிம்புக்கு அப்பால் ஆழ்ந்த பள்ளம். அங்கு குழந்தையின் கை பெரியவர் கையிலேயே இருக்கவேண்டும். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்தான படிகளில் இறங்கவேண்டும். இறங்கும்போது உற்சாகமாக முன்னே ஓடும் குழந்தை, திரும்பி ஏறும்போது பாதிவழியில் உட்கார்ந்துவிடும் என்பதையும், அப்போது அதைச் சுமப்பவர் நனைந்த படியில் நடக்கவேண்டியிருக்கும் என்பதையும் கணக்கிட்டே கிளம்ப வேண்டும். பள்ளிப் பருவத்தை எட்டாத குழந்தைகளோடு வருவோர் மாசிலா அருவி, நம்ம அருவி போன்ற சிறிய அருவிகளோடு நிறைவடைவது நல்லது. மேலே மழை பெய்தால் கீழே வானம் தெளிந்திருக்கும்போதே நீர்வரத்து திடீரெனப் பெருகும். வனத்துறை அருவியை மூடிய நாளில் காவலரோடு வாதிடுவதைக் குழந்தை பார்க்கும்படி செய்வது, அருவியில் குளிப்பதைவிட நீண்டநாள் நிற்கும் தவறான பாடம்.

மலைக்கு வருவோர் முன்றிலையும் களத்தையும் கண்டு மகிழ்ந்தால் மட்டும் போதாது. அவை பூங்காக்கள் அல்ல, வீடுகள். கேட்காமல் நுழைவதும், காயும் மிளகின்மேல் குழந்தையை ஓடவிடுவதும், ஆடிக்கொண்டிருக்கும் மலைச் சிறுவரைக் கேட்காமல் படம் பிடிப்பதும், நெகிழிப் பையில் அடைத்த தின்பண்டங்களை வீசிக் கொடுப்பதும் விருந்தினர் செய்யத்தக்கவை ஆகா. வீட்டாரிடம் வணக்கம் சொல்லி, பெரியவர் ஒருவர் ‘உள்ள வாங்க, உக்காருங்க’ என்று அழைத்தபின் அமர்ந்தால், குழந்தைகள் எந்த அறிமுகமும் இல்லாமல் கால் மணி நேரத்தில் சேர்ந்துகொள்கின்றனர். மொழி ஒன்றாக இருந்தும் ஆட்டத்தின் பெயர் ஊருக்கு ஊர் வேறுபடுவதால் முதலில் சிறு வாக்குவாதம் எழும். விதி உறுதியானதும் ஆட்டம் தொடங்கும். அந்த வாக்குவாதத்தில் பெரியவர் தலையிடாதிருப்பதே சிறந்த மேற்பார்வை.

இவ்வளவு செல்வத்தை உடைய மலைக் குழந்தைகளுக்குத் தனியாக விளையாட்டிடம் எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நல்லெண்ணத்தில் எழுந்தாலும் தவறானது. களம் தனியார் வயலாகலாம், முன்றில் வண்டி நிறுத்தும் இடமாகலாம்; பார்த்திருக்கும் கண் கூலிவேலைக்குப் போவதையோ மேலே கண்டோம். 1975 அக்டோபர் 2இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் 6 வயதுக்கு உட்பட்டோருக்காக நடக்கும் அங்கன்வாடியின் பெயரே முற்றம் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. முற்றமில்லாத கட்டடத்தில் அங்கன்வாடி நடப்பது பெயருக்கே முரண். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு வகுப்பறையையும் குடிநீரையும் கழிப்பறையையும் விதிப்பதுபோலவே விளையாட்டு மைதானத்தையும் விதிக்கிறது. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாக அறிவிக்கிறது. ஆனால் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், விளையாட்டிடங்களையும் பூங்காக்களையும் அமைத்துப் பேணுவதை ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் சேர்க்காமல், ஊராட்சி விரும்பினால் மேற்கொள்ளத்தக்க பணிகளில் வைத்திருக்கிறது. விருப்பப் பணி என்றால், யாராவது கேட்டால்தான் நடக்கும் பணி என்று பொருள்.

கேட்பதற்கு இடமும் நாளும் இருக்கின்றன. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதில் எழுந்து பேசலாம், தீர்மானம் முன்மொழியலாம். திருப்புலி நாட்டிலும் எஞ்சிய 13 நாடுகளிலும் வாழும் தாய்மாரும் தந்தையரும் அடுத்த கிராம சபையில், ஊரின் பொதுக் களத்தை விளையாட்டிடமாகவும் பதிவு செய்யக் கோரும் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அங்கே வண்ணம் பூசிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிழல் மரமும் அதனடியில் பெரியவர் ஒருவர் அமர ஒரு திண்ணையும் போதும்.